தலையணைக்குப் பின்னால்

பொய் எதுவும் சொல்ல வேண்டாம் அக்கா, அவங்க கேக்குறதுக்குச் சும்மா தலையை ஆட்டு, அது போதும், என்று கதிரேசன் பஸ் ஏற்றிவிடும்போது சொன்னான். என் தம்பிக்கு எதையும் இப்படிச் சின்னதாக்கிச் சொல்ல வரும். அப்பா விழுந்த அன்றைக்கும் லேசா ஒரு மயக்கம் என்றுதான் போனில் சொன்னான், நான் ஆபீசிலிருந்து அலறியடித்துக்கொண்டு போய்ப் பார்த்தால் அப்பாவுக்கு வலது கையும் காலும் பேச்சும் மொத்தமாகப் போயிருந்தன. லேசாக ஒரு மயக்கம். இப்போது சும்மா தலையை ஆட்டு. திருவெண்கரை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வெயில் கண்ணைக் குத்த, அச்சாபீஸ் தெரு எந்தப் பக்கம் என்று பூக்காரம்மாவிடம் கேட்டேன். புத்தகக் கடைங்களா, வர்றவங்க எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க, நேராப் போங்க என்றாள். இத்தனை வருஷத்தில் நான் இந்த ஊருக்கு வந்ததே இல்லை. அப்பா மாதாமாதம் வருவார். மின்வாரியத்தில் கிளார்க்காக இருந்தபோது சம்பளம் வாங்கிய வார ஞாயிற்றுக்கிழமை, ஓய்வுபெற்ற பிறகு பென்ஷன் வந்த மறுநாள். திருச்சியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, இந்தத் தெருவின் பழைய புத்தகக் கடைகளில் ஒரு பகல் முழுக்கக் கிடந்துவிட்டு, துணிப்பை கிழிகிற அளவுக்குச் சுமந்துகொண்டு வருவார். உங்கப்பாவுக்குத் திருவெண்கரையில ஒரு சின்ன வீடு இருக்குடி என்று அம்மா இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டேதான் சொல்லுவாள், ஆனால் துணிப்பையை வாங்கி உள்ளே வைக்க மாட்டாள். எனக்கு இந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே எரிச்சல் வரும். இப்போது அந்தச் சின்ன வீட்டுக்கு நானே நடந்து போகிறேன், செய்தி சொல்ல இல்லை, செய்தி ஏற்கெனவே போய்விட்டது, அதைக் கெடுக்காமல் இருக்கத்தான் போகிறேன்.

செய்தி என்னவென்றால் அப்பா செத்துவிட்டார். அப்பா சாகவில்லை. திருச்சியில் ஹாலில் கட்டிலில் படுத்திருக்கிறார், காலையில் நான் கிளம்பும்போது ஒரு டம்ளர் கஞ்சி குடித்தார், பாதி கழுத்தில் வழிந்தது. ஆனால் அச்சாபீஸ் தெருவில் அவர் செத்துவிட்டார், ஏனென்றால் இந்தத் தெருக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, உயிரோடு இருக்கிற மனுஷனின் புத்தகங்களை அலமாரியோடு மொத்தமாக வாங்க மாட்டார்கள். ஒன்றிரண்டு வாங்குவார்கள். மொத்தமாக வாங்கினால் என்றைக்காவது அந்த ஆள் கடை வாசலில் வந்து நின்று தன் புத்தகங்களைப் பார்த்துக் கண்கலங்குவானாம், அந்தப் பாவம் நமக்கு வேண்டாம் என்று ஒரு பயம். தெரியாமல் வாங்கிவிட்டால்கூட, ஆள் இருக்கிறார் என்று தெரிந்த நாளில் அத்தனையையும் வண்டி ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். அப்பாவே இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார், கதிரேசன் அதை நன்றாக ஞாபகம் வைத்திருந்தான். நான் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு வாய் துடைத்துக்கொண்டிருந்த ஒரு நாளில் கடைக்காரர்களை வரவழைத்து, அப்பா போயிட்டார், காரியமெல்லாம் ஊர்ல முடிச்சாச்சு என்று சொல்லி, குட்டி யானை வண்டியில் எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பிவிட்டான். அன்றைக்கு அப்பாவின் படத்துக்கு ஒரு சந்தன மாலைகூடப் போட்டு வைத்திருக்கிறான். நான் வீட்டுக்கு வந்தபோது மாலை சமையலறை இழுப்பறையில் கிடந்தது. ஏன்டா இதை வச்சிருக்கே என்றேன். தூக்கிப் போட மனசு வரலக்கா, எப்படியும் வேணும்ல என்றான். அதற்கு நான் அவனை அறைந்திருக்க வேண்டும். அறையவில்லை. கட்டில் போட இடம் வேண்டியிருந்தது, ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டியிருந்தது, காலியான அலமாரித் தட்டுகளைத் துடைத்து டயாபர் பாக்கெட்டுகளையும் மாத்திரை டப்பாக்களையும் நானேதான் அடுக்கினேன். அப்பாடா, தூசி தொல்லை விட்டது என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

அப்பா வீட்டுக்கு வந்து அலமாரியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கோபப்படவில்லை, அழவில்லை, புரிந்ததா என்றும் தெரியவில்லை. அதற்கப்புறம்தான் அந்தச் சைகை ஆரம்பித்தது. இடது கையைத் தூக்கி உள்ளங்கையை விரித்துக் காட்டுவார், இத்தனூண்டு என்பதுபோல. பிறகு என் புடவையில் இருக்கும் நீலக்கரையைத் தொடுவார், நீலம் இல்லாத நாளில் குளியலறை வாசலில் இருக்கும் நீல வாளியைக் காட்டுவார். பிறகு கையைத் தலைக்கு மேலாக வளைத்துத் தலையணைக்குப் பின்னால் விட்டுத் துழாவுவார். தலையணை உறுத்துகிறது. நான் தலையணையைச் சரிசெய்வேன். அவர் மறுபடி கையைப் பின்னால் விடுவார். நான் மறுபடி சரிசெய்வேன். தலையணை உறையை மாற்றினேன், பஞ்சுத் தலையணையை எடுத்துவிட்டு ரப்பர் தலையணை வாங்கிப் போட்டேன், கழுத்தில் புண் வந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும் அவருக்கு, முன்பெல்லாம் நான் கணக்கைத் தப்பாகப் போடும்போது வரும் அதே சத்தம். போன வாரம்தான் எனக்கு உறைத்தது, நீலமாக, உள்ளங்கையளவு, அது புத்தகம், அவருடைய அலமாரியிலிருந்து போன ஏதோ ஒரு சின்ன நீலப் புத்தகத்தைக் கேட்கிறார். அந்த ஒன்றையாவது கண்டுபிடித்துக் கையில் கொடுத்துவிட்டால் போதும். மற்றதையெல்லாம் அவர் மன்னித்துவிடுவார் என்று இல்லை, அந்தக் கை ஓயும், அந்தக் கை ஓய்ந்தால் நான் ஒரு மணி நேரம் தூங்குவேன், உள்ளதைச் சொன்னால் அதுதான். தலையணை விஷயம் தனி. கழுத்து வலியாக இருக்கும்.

முதல் கடை ஜெயசீலி அக்காவுடையது. புத்தகங்களை வாங்கிப்போன மூன்று கடைகளின் பெயரையும் கதிரேசன் சொல்லியிருந்தான், போர்டு பார்த்து நுழைந்தேன், அம்பலவாணனோட பொண்ணு என்றதும் அந்தம்மா நாற்காலியிலிருந்து எழுந்தே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஐயோ, மங்கையா நீ, மூச்சுக்கு மூச்சு மங்கை மங்கைன்னுதானேம்மா சொல்லுவாரு என்றார். அப்பா என்னைப் பற்றி வெளியே பேசுவார் என்பதே எனக்குத் தெரியாது, வீட்டில் என்னிடம் பேசியதெல்லாம் கேஸ் புக் பண்ணியாச்சா, தண்ணி வந்துச்சா. ரொம்பக் கஷ்டப்பட்டாராம்மா என்று ஜெயசீலி அக்கா கேட்க, நான் தலையை ஆட்டினேன். இப்படியா அப்படியா என்று எனக்கே தெரியாத ஓர் ஆட்டல். அது போதுமானதாக இருந்தது. கதிரேசன் சொன்னது சரிதான், ஒன்றுமே சொல்ல வேண்டியதில்லை, மனுஷர்கள் மிச்சத்தைத் தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள். உள்ளே ஒரே புழுக்கம், பழைய தாளின் வாடை, அதற்கடியில் பாச்சை உருண்டை. அந்த வாடை அப்பாவின் சட்டையில் இருந்தது, சின்ன வயதில் அவர் மடியில் உட்கார்ந்தால் வரும், இப்போது அவர்மேல் வேறு வாடை, டெட்டாலும் மூத்திரமும், நான் துடைத்துத் துடைத்து என் கைக்கே ஏறிவிட்ட வாடை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அப்பாவின் புத்தகங்கள் ஒரு மூலையில் தனியாக அடுக்கியிருந்தன, மாடு வைத்தியம், கிணறு வெட்டும் முறை, வானம் பார்க்கும் கையேடு, தேனீ வளர்ப்பு. மாடும் கிடையாது தேனீயும் கிடையாது. உலகத்துல எல்லாத்தையும் புத்தகத்துலயே கத்துக்கலாம்பாரு என்று ஜெயசீலி அக்கா சிரித்து, சைக்கிளே படிச்சுத்தான் ஓட்டக் கத்துக்கிட்டேன்னு சொல்லுவாரே, நெசமா என்றார். நிஜம்தான். கால்முட்டித் தழும்பும் நிஜம்தான். சின்னதாக நீலமாக ஏதாவது இருக்கிறதா என்று நான் தேடினேன், நீலத்தில் பெரிதாக இருந்தது, சின்னதாகச் சிவப்பில் இருந்தது. உங்கப்பா இங்க வந்து என்ன பண்ணுவாரு தெரியுமா, கையில காசில்லாத மாசம் புடிச்ச புத்தகத்தை வேற வரிசைக்குப் பின்னால ஒளிச்சு வச்சுட்டுப் போயிருவாரு, அடுத்த மாசம் வந்து ஒண்ணுந்தெரியாத மாதிரி எடுப்பாரு, கள்ளன், என்று சொல்லிவிட்டு, செத்தவரைக் கள்ளன் என்று சொல்லிவிட்டோமே என்று நினைத்தாரோ என்னவோ, சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. அப்பா திருடர் மாதிரி அக்கம்பக்கம் பார்த்து ஒளித்து வைப்பதை நினைத்துச் சிரித்தேன், அந்தச் சிரிப்போடு கண்ணில் தண்ணீர் வந்தது, ஜெயசீலி அக்கா என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

வெளியே வந்தால் தெரு அதன் பாட்டுக்கு இருக்கிறது. சென்னைக்காரர்கள் போலிருக்கிறது, ஒரு வேன் நிறைய வந்து இறங்கிக் கடை கடையாக நுழைந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் கடை வாசலில் புத்தகத்தை விரித்து முகத்துக்கு நேரே பிடித்து நின்றாள், படிக்கவில்லை, போட்டோவுக்கு. என் போன் அதிர்ந்ததுபோல இருந்தது, எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை. இன்றைக்கு இது எத்தனையாவது தடவையோ. கதிரேசன் இன்றைக்கு அப்பாவோடு இருக்கிறான், அவன் போன் செய்தால் அது ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் இருக்கும், அந்த விஷயம் வந்துவிட்டால் நான் இங்கே நின்று செய்துகொண்டிருப்பது பொய்யே இல்லை, கொஞ்சம் முன்கூட்டிச் சொன்னது, அவ்வளவுதான். நினைத்தது நான்தானா. நடந்தேன். என் இடது கைவிரல்கள் மரத்துப்போன மாதிரி இருந்தன, மடக்கிப் பார்த்தேன், அப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்திருக்கும், எனக்கு வந்தால் யார் துடைப்பார்கள், எனக்குப் புருஷனும் இல்லை பிள்ளையும் இல்லை, கதிரேசன் என் படத்துக்கும் அதே மாலையைப் போட்டுவிடுவான், சிக்கனக்காரன். அன்றைக்குக் கதிரேசனைத் தண்ணீரிலிருந்து தூக்கி வந்தது யார். முக்கொம்பில், அவனுக்கு ஆறு வயது இருக்கும், படித்துறையில் வழுக்கித் தண்ணீருக்குள் போய்விட்டான், அவனுடைய மஞ்சள் சட்டை தண்ணீருக்குள் உப்பிக்கொண்டு போனது எனக்கு இப்போதும் தெரிகிறது. அப்பா முழங்கால் தண்ணீரில் நின்றார். அதற்குமேல் ஓர் அடி வைக்கவில்லை. நீச்சல் தெரியாது. வாயைத் திறந்து நின்றார், சத்தம் வரவில்லை, யாரோ ஒருவர் லுங்கியோடு குதித்துத் தம்பியைத் தூக்கிவந்து அப்பா கையில் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் முதல் நாள் அவர் வாயைத் திறந்து சத்தம் வராமல் கிடந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் படித்துறைதான். மீரான் பாய் கடை போர்டைத் தாண்டிப் போய்விட்டேன், திரும்பி வந்தேன்.

மீரான் பாய் என்னை மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்து, எதிர்க்கடையில் சொல்லிப் பன்னீர் சோடா வரவழைத்தார். அப்பா ஒரு தடவைகூட இங்கே பேரம் பேசாமல் வாங்கியதில்லையாம், கடைசியில் அஞ்சு ரூபாய்க்காகச் சண்டை போட்டுவிட்டு அதே அஞ்சு ரூபாய்க்கு இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுப்பாராம். எப்புடிம்மா ஆச்சு, உன் தம்பிகிட்ட கேக்க மனசு வரல, என்றார். தலையை ஆட்டிப் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. நான் சோடா குப்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன், குளிர்ந்திருந்தது, என் வாய் சொன்னது, தூக்கத்துலயே பாய். சொன்னது எனக்கே கேட்டது. மீரான் பாய் கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்துவிட்டு, நல்ல சாவும்மா, கொடுத்துவச்ச மனுசன், யாருக்கும் தொந்தரவு இல்லாமப் போயிட்டாரு என்றார். ஆமாம் பாய். யாருக்கும் தொந்தரவு இல்லாம. ராத்திரி சாப்பிட்டாரு, படுத்தாரு, காலையில காப்பி கொண்டுபோறேன், எந்திரிக்கல. யார் கேட்டார்கள் இதையெல்லாம். ஆனால் சொல்லச் சொல்ல எனக்கு அந்தக் காலை தெரிந்தது, காப்பி டம்ளர் தெரிந்தது, ஜன்னல் வழியாக வெயில் அவர் காலில் விழுந்திருப்பது தெரிந்தது, முகம் கோணாமல், வாயோரம் எச்சில் இல்லாமல், கழுத்தில் கஞ்சி வழியாமல், வேட்டி கலையாமல், என் அப்பாவாகவே படுத்திருந்தார். எவ்வளவு அழகாக இருந்தது அது. அந்தக் காலையை எனக்குக் கொடுக்காமல்தானே இந்த மனுஷர் கட்டிலில் கிடந்து வாளியையும் தலையணையையும் காட்டிக்கொண்டிருக்கிறார் என்று, கடவுளே, எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. மீரான் பாய் எழுந்துபோய் அப்பாவின் கட்டுகளை அவிழ்த்துக் காட்டினார், நான் குனிந்து ஒவ்வொன்றாகத் தள்ளினேன், நீலம் இல்லை, உள்ளங்கையளவு இல்லை. ஒரு சமையல் புத்தகம் இருந்தது, அம்மா செத்த வருஷம் வாங்கியது, பக்கமெல்லாம் எண்ணெய்க் கறை. அதைப் பார்த்துச் செய்த ரசத்தை நானும் கதிரேசனும் குடிக்க முடியாமல் குடித்தோம், அவர் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து எல்லாம் சரியாத்தானே போட்டேன் என்றார். அதை எடுத்துக்கம்மா, காசெல்லாம் வேணாம் என்றார் பாய். எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

கடைசிக் கடை ரெங்கராஜுவுடையது, தெரு முடிகிற இடத்தில், நீளமாக, இருட்டாக, சுவர் தெரியாமல் புத்தகம். ரெங்கராஜுவிடம் நான் யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்பாவின் மூக்கு எனக்கு. பார்த்தார், உதடு கோணியது, தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அறுபது வயது ஆண்பிள்ளை தேம்பி அழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம். அழாதீங்கண்ணே என்று சொல்லப் போனவள் நான் அழுதேன். நிஜமாக அழுதேன். விழுந்த நாளிலிருந்து அழ நேரமே கிடைக்கவில்லை எனக்கு, கழுவவும் துவைக்கவும் மாத்திரை நசுக்கவும் புரட்டிப் படுக்கவைக்கவுமே சரியாக இருந்தது, இருக்கிற அப்பாவுக்காக எப்படி அழுவது, பக்கத்திலேயே கிடந்து பார்த்துக்கொண்டிருக்கிறாரே. இங்கே அவர் இல்லை. இங்கே அழலாம். சைக்கிளைப் புத்தகத்தில் படித்த அப்பாவுக்காக, அஞ்சு ரூபாய்க்குச் சண்டை போட்ட அப்பாவுக்காக, முழங்கால் தண்ணீரில் நின்ற அப்பாவுக்காக அழுதேன், அழுது முடித்தபோது நெஞ்சில் இருந்த கல்லை யாரோ எடுத்துவிட்டார்கள். இந்த இரண்டு மாதத்தில் முதல் தடவையாக எனக்குப் பசித்தது. பையன் நல்லாப் பார்த்துக்கிட்டான்ல, கொள்ளியெல்லாம் சரியா வச்சான்ல, என்று ரெங்கராஜு துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார். எல்லாம் நல்லபடியா நடந்துச்சுண்ணே, நெறைய ஜனம் வந்துச்சு என்றேன். நாக்கு குளறவே இல்லை. வாங்கம்மா, உங்களுக்கு ஒண்ணு காட்டணும் என்று அவர் என்னை உள்ளே கூட்டிப் போனார், கடைசி அலமாரி, மேலிருந்து இரண்டாம் தட்டு, தடித்தடியான சட்டப் புத்தகங்கள், யாரும் தொடாத வரிசை. ரெங்கராஜு இடது கையைத் தலைக்கு மேலே தூக்கி, வளைத்து, அந்த வரிசைக்குப் பின்னால் விட்டுத் துழாவினார். எனக்கு அந்தக் கை தெரிந்தது. அந்தத் துழாவல் தெரிந்தது. புத்தகம் வெளியே வருவதற்கு முன்பே எனக்கு அது நீலம் என்று தெரிந்துவிட்டது.

நீலம். உள்ளங்கையளவு. அட்டையில் ஒரு மனுஷன் கையை நீட்டித் தண்ணீரில் கிடக்கிறான், நீச்சல், படங்களுடன் எளிய பயிற்சி. கடைசியா வந்தப்ப ஒளிச்சு வச்சுட்டுப் போனாரும்மா என்றார் ரெங்கராஜு, நான் பார்க்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். ஒளிச்சு வச்சவரு உசுரோட இருக்குற வரைக்கும் அந்தப் புத்தகத்துல இந்தத் தெருவுல யாரும் கை வைக்க மாட்டோம், எத்தனை வருஷமானாலும் அது அவருக்குத்தான், எத்தனை ரூபா குடுத்தாலும் வேற ஆளுக்குக் கிடையாது. நான் கையை நீட்டினேன். ரெங்கராஜு புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினார். இல்லம்மா, தப்பா நெனைக்காதீங்க, ஆசைப்பட்டுக் கைக்கு வராமப் போன பொருள் அந்த வீட்டுக்குள்ள போகக்கூடாது, போனா அவரை இழுத்துக்கிட்டே இருக்கும், போக விடாது. அடுத்து யாரு இந்த வாசப்படியை மிதிச்சு வர்றாங்களோ அவங்க கையில சும்மா குடுத்துடணும், அப்பதான் அவருக்கு விடுதலை, எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான் பண்றோம், நீங்களும் இருந்து பாருங்க, நல்லது. அவர் வாசலைப் பார்த்து ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். நானும் நின்றேன். வாசலில் யாரும் இல்லை. வெயில் மட்டும் இருந்தது. நான் ஒன்று சொன்னால் போதும். அண்ணே, அப்பா இருக்கார். அவ்வளவுதான், ஒரு மூச்சுக்குள் அடங்கிவிடும், சொன்னால் புத்தகம் என் கைக்கு வரும், சாயங்காலம் அப்பா கைக்குப் போகும். சொன்னால் மற்ற புத்தகங்களும் வரும், இன்றைக்கே வண்டி வரும், வாசல்வரை ஜெயசீலி அக்கா வருவார், மீரான் பாய் வருவார், தூக்கத்துலயே என்று நான் சொன்ன மனுஷர் கட்டிலில் வாய் கோணிக் கிடப்பதைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள். கொள்ளி வைத்ததாகச் சொன்னேனே. ஜனம் வந்ததாகச் சொன்னேனே. ரெங்கராஜு அழுத அழுகையை எப்படித் திருப்பிக் கொடுப்பது. சரி, அவமானம், பட்டுவிட்டுப் போகிறேன், அவமானத்தில் யாரும் செத்ததில்லை, சொல்லிவிடலாம், வாயைத் திற மங்கை. திறந்தேன். வாசலில் ஒரு நிழல் வந்தது, இல்லை, அது போய்விட்டது, யாரோ தெருவில் கடந்துபோனார்கள். இன்னும் நேரம் இருக்கிறது. எதற்கு நேரம் இருக்கிறது. அவமானம் இல்லை என்னைப் பிடித்துக்கொண்டிருப்பது, பொய் எதற்கு, எனக்குத் தெரியும், சொன்னால் அவர் மறுபடியும் உயிரோடு வந்துவிடுவார். இப்போதுதான் அழுது முடித்தேன். இப்போதுதான் பசித்தது. சொன்னால் கட்டில் வந்துவிடும், வாளி வந்துவிடும், அந்தக் கை வந்துவிடும், நான் அவரைப் போக விட்டுவிட்டேன், மறுபடி ஒரு தடவை போக விடுவதற்கு என்னிடம் தெம்பு இல்லை. தலையணை இல்லை. அது தலையணையே இல்லை. எடுத்துக்கொண்டு வா, அந்தத் தட்டில், பின்னால், எனக்காக இருக்கிறது, என்று அப்பா எனக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார், தினமும், பொறுமையாக, மரமண்டைப் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லித்தருவதுபோல, நான் உறையை மாற்றிக்கொண்டிருந்தேன். எழுபத்துநாலு வயதில் எதற்கு நீச்சல். கதிரேசன் கரையேறி நாற்பது வருஷம் ஆகிறது அப்பா.

அண்ணே, எங்க வேன் ஆளுங்க இந்தப் பக்கம் வந்தாங்களா என்று கேட்டுக்கொண்டே ஒருவர் படி ஏறி வந்தார், காக்கிச் சட்டை, கழுத்தெல்லாம் வேர்வை, டிரைவர். ரெங்கராஜு எழுந்து இரண்டு கையாலும் புத்தகத்தை நீட்டினார். இந்தாங்க தம்பி, வாங்கிக்கங்க, காசு வேணாம். எனக்கெதுக்குண்ணே, நான் புத்தகமே படிக்கிறதில்ல என்று அவர் சிரித்தார். பரவாயில்ல, வாங்கிக்கங்க, ஒரு புண்ணியம். டிரைவர் என்னைப் பார்த்தார், என் முகத்தில் என்ன இருந்ததோ, சிரிப்பை நிறுத்திவிட்டு வாங்கிக்கொண்டார். அப்போதும் சொல்லியிருக்கலாம். ரெங்கராஜு மேலே பார்த்துக் கும்பிட்டு, போய்ட்டு வாங்க சார் என்று அப்பாவை வழியனுப்பினார், நானும் கும்பிட்டேன். வாசலில் இறங்கி வந்தபோது வேன் புறப்படத் தயாராக நின்றது, ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள், டிரைவர் கதவோரம் நின்று அந்த நீலப் புத்தகத்தால் கழுத்துக்கு விசிறிக்கொண்டிருந்தார். பத்தடி தூரம் இருக்கும். போய்க் கேட்டால் கொடுத்துவிடுவார், அவருக்கு அது ஒரு விசிறி. ரெங்கராஜு படியில் நின்று எனக்குக் கையாட்டினார். நான் திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது, காவிரிப் பாலம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன், வீட்டுக்கு வந்தபோது வாசல் விளக்கு போட்டிருந்தது. கெடச்சுதாக்கா, அவங்க எதுவும் கேட்டாங்களா என்றான் கதிரேசன். கெடைக்கல, ஒண்ணும் கேக்கல என்றேன். அப்பா விழித்துக்கொண்டுதான் இருந்தார். என்னைப் பார்த்தார், என் பையைப் பார்த்தார், முகம் மலர்ந்தது, கோணிய பக்கம்கூடக் கொஞ்சம் அசைந்தது. சமையல் புத்தகத்தை எடுத்து அவர் நெஞ்சில் வைத்தேன். அதை இடது கையால் மெதுவாகத் தள்ளிவிட்டு, உள்ளங்கையை விரித்துக் காட்டினார், என் புடவைக் கரையைத் தொட்டார், பிறகு கையைத் தலைக்கு மேலே தூக்கி வளைத்துத் தலையணைக்குப் பின்னால் விட்டார். தலகாணி உறுத்துது போல, பாருக்கா என்றான் கதிரேசன். நான் குனிந்து தலையணையைச் சரிசெய்தேன்.